பாறையில் ஓர் ஆணி: ஜி.பி.எஸ். கொண்டு நில அசைவை அளப்பது எப்படி?

மதுரையில் இருப்பவர் எவராயினும், அவர் உறங்கும்போதும் உண்ணும்போதும், ஆண்டுக்கு 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வடகிழக்குத் திசையில் நகர்ந்துகொண்டே இருக்கிறார். மீனாட்சியம்மன் கோவில் கோபுரங்களும் வைகைப் பாலங்களும் நாகமலையும் அதே வேகத்தில் உடன் வருவதால் அது எவருக்கும் தெரிவதில்லை. இந்தியத் தட்டு முழுவதற்கும் பொதுவான இந்த நகர்வைக் கழித்துவிட்ட பிறகு, ஓர் ஊரின் பாறைக்கும் அடுத்த ஊரின் பாறைக்கும் இடையே ஏதேனும் அசைவு மிஞ்சுகிறதா என்று பார்ப்பதைத்தான் புவிமேலோட்டின் உருமாற்றத்தை அளப்பது என்கிறோம். அந்த மிச்சமே பாறைப் பிளவுகளில் ஆண்டுக்கணக்கில் தகைவாக, அதாவது உள்ளிறுக்கமாக, சேர்ந்து, ஒரு நாள் நிலநடுக்கமாக வெளிப்படுகிறது. அதை அளக்கும் முறையையும், அளந்ததை நிலநடுக்க அபாயத்தோடு பொருத்திப் பார்க்கும் முறையையும், மதுரை வட்டாரத்தில் இந்த வேலையைத் தொடங்க விரும்பும் கல்லூரி மாணவர்களையும் சர்வே தொழிலில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இமயமலையில் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் அளவுக்கு நெருக்குண்டு வருவது ஜி.பி.எஸ். அளவீடுகளில் தெளிவாகத் தெரிகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நில அதிர்ச்சி ஏற்பட்டபோது, காத்மாண்டுப் பகுதியின் நிலம் சுமார் 2 மீட்டர் தெற்கே நகர்ந்து, ஏறக்குறைய 1 மீட்டர் மேலெழும்பியதையும் அங்கே நிறுவப்பட்டிருந்த கருவிகள் பதிவு செய்தன. மதுரையில் அப்படி எதுவும் கிடைக்கப்போவதில்லை. தென்னிந்தியப் பாறைகள் மிகப் பழையவை, இறுகியவை; பல நூறு கிலோமீட்டர் இடைவெளியிலும் அவற்றின் ஒப்புநகர்வு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கிறது. ஆகவே இங்கே நாம் அளக்கப் போவது கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்தை. பூஜ்ஜியத்தை அளப்பது பெரிய எண்ணை அளப்பதைவிடக் கடினமான காரியம். கருவியின் பிழை, மண்ணின் பிழை, அளப்பவரின் பிழை ஆகிய மூன்றும் தேடும் எண்ணைவிடப் பெரியவையாக இருப்பதே அதற்குக் காரணம்.

கைபேசிக்கும் அளவைக் கருவிக்கும் உள்ள வேறுபாடு

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையில் ஒரு குறியீடும், அந்தக் குறியீட்டைச் சுமந்து வரும் ஊர்தி அலையும் உள்ளன. கைபேசி பெரும்பாலும் குறியீட்டை வைத்தே தூரத்தைக் கணிப்பதால் அதன் பிழை சில மீட்டர்களாக இருக்கிறது. நமக்குத் தேவையான கருவி ஊர்தி அலையின் கட்டத்தையே, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதையே, பதிவு செய்கிறது. முதல் அலைவரிசையின் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர், இரண்டாவதன் அலைநீளம் சுமார் 24 சென்டிமீட்டர், இவற்றின் நூறில் ஒரு பங்கு வரை கருவியால் பிரித்தறிய முடிவதால்தான் மில்லிமீட்டர் என்ற பேச்சே எழுகிறது. இரண்டு அலைவரிசைகளையும் பதிவு செய்யும் கருவி கட்டாயம் வேண்டும். வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனிமண்டலம் ஒவ்வோர் அலைவரிசையையும் வேறு வேறு அளவில் தாமதப்படுத்துகிறது என்பதால், இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

சர்வே வேலைக்கு வாடகைக்குக் கிடைக்கும் இரட்டை அலைவரிசைக் கருவியே தொடக்கத்துக்குப் போதுமானது. ஆனால் மனை அளக்கும்போது செய்வதுபோல் உடனடி ஆயத்தொலைவை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் அது நமக்குப் பயன்படாது. கருவி 30 நொடிக்கு ஒரு முறை சேமிக்கும் மூலத் தரவு முழுவதையும், எந்தக் கருவியின் தரவுக்கும் பொதுவான வடிவமாகிய ரைனெக்ஸ் கோப்பாக மாற்றி எடுத்துவர வேண்டும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பதிவு செய்யும் கருவியாக இருந்தால் நல்லதுதான்.

ஆணி அடிக்கும் இடம்

ஆண்டுதோறும் அதே புள்ளியை அளப்பதற்காக ஓர் எஃகு ஆணியை அடித்து வைக்கிறோம். வேலையின் பாதி அதற்கான இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. திருமங்கலத்துக்குத் தெற்கே விருதுநகர் வரையிலான கரிசல் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் கைவிட்டால் முழங்கை வரை இறங்கும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அந்த மண், ஐப்பசி மழையில் ஊறிப் பருத்து வெடிப்புகளை மூடிக்கொள்கிறது. அந்த மண்ணில் ஊன்றிய சர்வே கல், நிலத்தட்டு ஒரு நூற்றாண்டில் காட்டும் உருமாற்றத்தைவிட அதிகமாக ஒரே பருவத்தில் ஏறி இறங்கும். கண்மாய்க் கரையும் அப்படியே, ஆற்றுமணலும் அப்படியே.

கட்டடத்தின் மொட்டைமாடி வசதியானது, மின்சாரம் உண்டு, பாதுகாப்பும் உண்டு. ஆனால் 12 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் கட்டடம் 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 2.4 மில்லிமீட்டர் நீளும். வெயில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் விழுந்தால் சற்றுச் சாயவும் செய்யும். வேறு வழியே இல்லாதபோது மட்டும், தாழ்ந்த, பழைய, சுமைதாங்கும் சுவரின் நேர் மேலாக ஆணியை வைக்கலாம்.

எனவே பூமியின் அடிப்பாறையோடு ஒன்றியிருக்கும் தாய்ப்பாறையைத் தேட வேண்டும், அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மேலூர்ப் பக்கமும் நத்தம் சாலையிலும் உசிலம்பட்டி வட்டாரத்திலும் தரையோடு தரையாகப் பாறை வெளியே தெரியும் இடங்கள் பல உள்ளன. பாறை எல்லாம் தாய்ப்பாறை ஆகிவிடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மலைச்சரிவில் உருண்டு வந்து மண்ணில் பாதி புதைந்து நிற்கும் கல்லும் பார்வைக்குத் தாய்ப்பாறை போலவே இருக்கும்; நம் பாறைகளின் மேற்பரப்பு வெங்காயத் தோல்போல ஏடு ஏடாக உரியும் இயல்புள்ளது. இரண்டு கிலோ சுத்தியலால் தட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. கணீரென்று ஒலித்துச் சுத்தியல் கையில் துள்ளினால் நல்ல பாறை. பொத்தென்று மந்தமாக ஒலித்தால் அடியில் இடைவெளி இருக்கிறது என்று பொருள், அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் தட்டாமல், ஒரு மீட்டர் சுற்றளவுக்குத் தட்டிப் பார்க்க வேண்டும்.

கிரானைட் குவாரிக்கு அருகில் போக வேண்டாம். வெடி வைப்பதால் வரும் அதிர்வைக் காட்டிலும், பாரத்தை அகற்றியதால் பாறை தளர்ந்து மேலெழுவது நம் அளவீட்டுக்குப் பெரிய தொல்லை. ஆனைமலையிலும் கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் பாறை மிக நன்றாக இருக்கிறது, வானமும் திறந்திருக்கிறது. ஆனால் அங்கே சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் உள்ளன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. பல நூற்றாண்டுகளாக அவற்றைத் தாங்கிவரும் பாறையில் நம் துளைக் கருவியை வைப்பதற்கு முன் சட்டத்தையும் யோசிக்க வேண்டும், மனச்சாட்சியையும் யோசிக்க வேண்டும். புறம்போக்கு நிலமாயின் வருவாய்த் துறையிடமும், காடாயின் வனத்துறையிடமும் எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களிடமும் நேரில் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டவர்களின் ஆணிகள்தான் புதையல் அடையாளம் என்று கருதப்பட்டுத் தோண்டப்படுகின்றன.

ஆணி என்று சொல்வது 12 முதல் 16 மில்லிமீட்டர் விட்டமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை. பித்தளை வேண்டாம், அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். துளை போட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, எப்பாக்ஸி நிரப்பி, தலை பாறைக்கு மேல் சில மில்லிமீட்டர் மட்டுமே தெரியுமாறு இறக்க வேண்டும். தலையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கட்டும்; எல்லா அளவீடும் அந்தக் குழியைப் பற்றியதுதான்.

1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கிய லாம்ப்டன், ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதற்காகக் கோபுரங்களின் மேலெல்லாம் கருவியை ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் அவருடைய அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் கருவி மோதிச் சேதமடைந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆணிகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டியதில்லை. அடிவானத்திலிருந்து 15 டிகிரிக்கு மேல் வானம் மறைவின்றித் தெரிந்தால் போதும். புளியமரம், தகரக் கூரை, கைபேசிக் கோபுரம், உயர் அழுத்த மின்கம்பி ஆகியவை அருகில் இருக்கக் கூடாது. தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞை நேராக வருவதோடு கலந்து, தூரத்தைத் தவறாகக் காட்டும்.

ஆன்டெனாவை நிறுத்துவது

முக்காலியின் கால்களைப் பாறையில் நழுவாதபடி மணல் மூட்டைகளால் அழுத்தி நிறுத்தி, ரசமட்டத்தின் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒளியியல் தூக்குக்குண்டு வழியாகக் குழியின் நேர் மேலே ஆன்டெனாவின் மையம் வருமாறு சரிசெய்ய வேண்டும். சரிசெய்த பிறகு மேல்பகுதியை 120 டிகிரி வீதம் இரண்டு முறை திருப்பிப் பார்த்தால், தூக்குக்குண்டிலேயே பிழை இருந்தாலும் பிடிபட்டுவிடும். ஆன்டெனாவில் வடக்கு என்று குறிக்கப்பட்ட பக்கம் ஒவ்வோர் ஆண்டும் வடக்கையே நோக்க வேண்டும். சமிக்ஞையை உணரும் மின்மையம் ஆன்டெனாவின் உருவமையத்தில் சரியாக அமைவதில்லை என்பதால், திசை மாறினால் சில மில்லிமீட்டர் பொய் நகர்வு தோன்றும். ஓர் ஆணிக்கு எல்லா ஆண்டுகளிலும் ஒரே ஆன்டெனாவைப் பயன்படுத்துவது மிகச் சிறந்தது.

உயரத்தை மூன்று பக்கங்களில் அளந்து, தொடக்கத்திலும் முடிவிலும் எழுத வேண்டும். இதில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டில் ஆணியிலிருந்து ஆன்டெனாவின் விளிம்பு வரை சாய்வாக 1.500 மீட்டர் என்று அளந்துவிட்டு, குறிப்பேட்டில் அதைச் செங்குத்து உயரம் என்று எழுதிவிட்டேன். ஆன்டெனாவின் ஆரம் 19 சென்டிமீட்டர். எனவே உண்மையான செங்குத்து உயரம் 1.488 மீட்டர். விளைவாக அந்தப் பாறை ஓராண்டில் 12 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டதாகக் கணக்கு காட்டியது. நிலத்தடி நீரை அதிகமாக உறிஞ்சியதால் நிலம் அமிழ்கிறது என்று விளக்கம் வேறு எழுதத் தொடங்கிவிட்டேன். தாய்ப்பாறை எப்படி அமிழும் என்ற கேள்வி ஒரு வாரம் கழித்துத்தான் எழுந்தது. அன்றுமுதல் டேப்பும் ஆன்டெனாவும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுக்காமல் இடத்தைவிட்டு நகர்வதில்லை.

எந்த மாதம், எத்தனை நாள்

ஓர் ஆணியில் குறைந்தது மூன்று முழு நாள்கள், அதாவது 72 மணி நேரம், கருவி இடைவிடாமல் ஓட வேண்டும். கணக்கிடும்போது நாள் என்பது உலகப் பொது நேரப்படி பிரிக்கப்படும். நமக்கு அது காலை 5.30 மணிக்குத் தொடங்குகிறது. முதல் நாள் மாலையே ஆன்டெனாவை நிறுவி ஓடவிட்டால் அடுத்த காலை முதல் முழு நாள்கள் கிடைக்கும். மின்சாரம் இல்லாத இடத்துக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டு கொண்டுபோனால், ஒன்று சார்ஜ் ஆகும்போது மற்றொன்று ஓடும். இரவுக்காவலுக்கு ஆள் கட்டாயம் வேண்டும், ஆடு மேய்க்க வருகிறவர்களிடம் பேசிப் பழகிக்கொள்வதும் நல்லது.

ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் அளக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நிரப்பிய கண்மாய்களும் நீர்த்தேக்கங்களும் மண்ணின் ஈரமும் சேர்ந்து நிலத்தை அழுத்துவதால், பாறையுமே பருவத்துக்கேற்பச் சில மில்லிமீட்டர் இறங்கி ஏறுகிறது. ஓராண்டு தை மாதத்திலும் மறு ஆண்டு ஆவணியிலும் அளந்தால், இந்த மூச்சையே நகர்வு என்று எண்ணிவிடுவோம்.

மதுரைக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதற்கு அதுவே காரணம். காந்த நடுக்கோட்டை ஒட்டிய அயனிமண்டலம் பொழுது சாய்ந்த பிறகு கொந்தளிப்பதால், இரவு 8 மணி முதல் நள்ளிரவு தாண்டும் வரை சமிக்ஞை மினுமினுத்து, சில வேளைகளில் அறுபட்டும் போகிறது. பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் இது மிகும். கோடையிலும் மழைக்காலத்திலும் காற்றின் ஈரப்பதம் தனியே தொல்லை தருகிறது. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், தை பிறந்து மாசி பாதி முடிவதற்குள் அளப்பது நம் வட்டாரத்துக்குப் பொருத்தமானது.

கணக்கு

கணக்கிடுவதற்குப் பெரிய கணினி தேவையில்லை. ரைனெக்ஸ் கோப்பை ஆஸ்திரேலிய அரசின் ஆஸ்போஸ் சேவைக்கோ, கனடா அரசின் சி.எஸ்.ஆர்.எஸ். சேவைக்கோ இணையம் வழியே அனுப்பினால், உலகம் முழுவதற்கும் பொதுவான ஆயத்தொலைவுச் சட்டகத்தில் அந்த ஆணியின் இடத்தைக் கட்டணமின்றிக் கணித்துத் தருகிறார்கள். அளந்த மறுநாளே அனுப்பிவிடாமல் மூன்று வாரங்கள் காத்திருந்து அனுப்புவது நல்லது; செயற்கைக்கோள்களின் இறுதிப் பாதைக் கணக்கு சுமார் இரண்டு வாரங்கள் கழித்தே வெளியாகிறது. வேலை வளர்ந்த பிறகு காமிட், பெர்னீஸ் போன்ற ஆய்வு மென்பொருள்களைக் கற்றுக்கொள்ளலாம். எந்த வழியில் சென்றாலும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் ஹைதராபாத்திலும் நெடுங்காலமாக ஓடிவரும் நிலையங்களின் அதே நாள் தரவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நம் ஆணி மட்டும் அசைந்ததா, எல்லாமே சேர்ந்து அசைந்ததா என்பதை அவைதான் சொல்லும்.

ஆண்டைக் கிடை அச்சிலும் இடத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் ஒரு சாய்கோடு கிடைக்கும். அதன் சாய்வே வேகம். மூன்று ஆண்டுகளுக்குக் குறைவான கோட்டை நம்ப வேண்டாம், ஐந்து இருந்தால் பேசலாம். வேகத்திலிருந்து இந்தியத் தட்டின் சுழற்சி வேகத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதே நம் விடை. அந்த விடையோடு அதன் பிழை எல்லையையும் எழுத வேண்டும், 0.4 என்று மட்டும் எழுதுவது பொய், 0.4 கூட்டல் கழித்தல் 0.8 என்று எழுதுவது உண்மை. கோட்டில் திடீர்த் தாவல் தெரிந்தால் முதலில் குறிப்பேட்டையும், பிறகு ஆன்டெனாவையும், கடைசியாகப் பூமியையும் சந்தேகிக்க வேண்டும். பூமியும் சில வேளைகளில் தாவத்தான் செய்கிறது: 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கத்தின்போது, தொலைவில் இருந்த தென்னிந்திய நிலையங்களும் சுமார் ஒரு சென்டிமீட்டர் கிழக்கே நகர்ந்தன.

அபாயத்தோடு பொருத்துவது

இமயமலையில் கணக்கு நேரடியானது. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் நெருக்கம் 300 ஆண்டுகள் வெளியேறாமல் தேங்கினால் 6 மீட்டர்; பிளவின் நீள அகலம் தெரிந்தால் வரக்கூடிய நிலநடுக்கத்தின் அளவையும் கணித்துவிடலாம். மதுரையில் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 200 கிலோமீட்டர் நீளமும் 200 கிலோமீட்டர் அகலமும் கொண்ட வட்டாரம், 15 கிலோமீட்டர் ஆழம் வரை உடையக்கூடிய பாறை, அந்த அகலம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு வெறும் 0.2 மில்லிமீட்டர் நெருக்கம் என்று வைத்துக்கொள்வோம். பாறையின் விறைப்பு எண்ணை 30 கிகாபாஸ்கல் என்று எடுத்து, நீளம், ஆழம், நெருக்கம் ஆகியவற்றோடும் இந்தச் சூத்திரத்தில் வரும் 2 என்ற காரணியோடும் பெருக்கினால், ஆண்டுக்குச் சேரும் திருப்புத்திறன் (நிலநடுக்கத்தின் வலிமையைக் குறிக்கும் அளவு) சுமார் 3.6 பெருக்கல் 10இன் 16ஆம் அடுக்கு நியூட்டன் மீட்டர் என்று வருகிறது. 6 அளவுள்ள ஒரு நிலநடுக்கத்துக்குத் தேவை சுமார் 1.26 பெருக்கல் 10இன் 18ஆம் அடுக்கு. அதாவது, பாறை நெருக்குண்டு உருமாறும் எல்லாத் திரிபும் நிலநடுக்கமாகவே வெளியேறுவதாகக் கொண்டால், 35 ஆண்டுகளுக்கு ஒன்று நிகழலாம். வரலாறு அவ்வளவு காட்டவில்லை. நம் ஊருக்கு அருகில் நிகழ்ந்ததாக நன்கு அறியப்பட்டது 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரை உலுக்கிய, ஏறத்தாழ 6 அளவுள்ள ஒன்றுதான். ஆகவே உண்மையான நெருக்கம் 0.2 மில்லிமீட்டரைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும், ஐந்தாண்டு அளவீட்டின் பிழை எல்லையோ அதைவிடப் பல மடங்கு பெரியது.

இந்தக் கணக்கின் பொருள் என்னவென்றால், நம் ஜி.பி.எஸ். ஒன்றுமில்லை என்று சொன்னாலும், அந்த ஒன்றுமில்லைக்குள் 6 அளவு நிலநடுக்கம் தாராளமாக ஒளிந்துகொள்ளும். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூரில், நிலையானது என்று கருதப்பட்ட இதே போன்ற தீபகற்பப் பாறையில், 6.2 அளவு நிலநடுக்கம் ஏறக்குறைய பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. எனவே அறிக்கை எழுதும்போது 'மதுரையில் அபாயம் இல்லை' என்று ஒருபோதும் எழுதக் கூடாது. 'திரிபு வேகம் இந்த எல்லையைத் தாண்டவில்லை' என்று எழுதி, அந்த மேல் எல்லையையும் பழைய நிலநடுக்கப் பட்டியலையும் அச்சன்கோவில் போன்ற பழைய பிளவு மண்டலங்களின் வரைபடத்தையும் சேர்த்தே வைக்க வேண்டும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான, இந்தியத் தரநிலைக் கழகத்தின் ஐ.எஸ். 1893 விதிநூலின் 2016 பதிப்பு மதுரையை இரண்டாம் மண்டலத்தில், 0.10 என்ற மண்டல எண்ணோடு வைத்தது. வீடு கட்டுகிறவருக்கு வேண்டியது நடப்பிலுள்ள விதிநூல்தான், நம் சாய்கோடு அல்ல.

நம் ஆணிகள் நேரடியாகப் பயன்படும் நாள் ஒன்று உண்டு. வட்டாரத்தில் 5 அளவுக்கு மேல் நில அதிர்ச்சி ஏற்பட்டால், அன்றே கருவிகளை எடுத்துக்கொண்டு மையத்துக்கு அருகிலுள்ள ஆணிகளுக்குப் போய்ப் பத்து நாள்களாவது ஓடவிட வேண்டும். 6 அளவு நிலநடுக்கம் 20 கிலோமீட்டர் தொலைவில் 8 மில்லிமீட்டர் வரையிலும், 50 கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியும் நிலத்தை நகர்த்தும் என்பது தோராயக் கணக்கு. ஆணிகளுக்கு இடையே 30 அல்லது 40 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். முந்தைய ஆண்டுகளின் கோப்புகள், ஒவ்வோர் ஆணிக்கும் போகும் வழியின் வரைபடம், அனுமதிக் கடிதத்தின் நகல், ஆன்டெனாவின் வரிசை எண், சார்ஜ் ஏற்றிய பேட்டரி, டேப் ஆகியவை ஒரே பெட்டியில், சாவி யாரிடம் என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்.